ஊதாத கொம்பும் எட்டு ரதப் பாதையும்

முன்னொரு காலத்தில் கொற்றலூர்ப் பட்டணத்தை ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்கிறோமே தவிர, சிம்மாசனத்தில் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததே கிடையாது. எழுவான், நடப்பான், ஜன்னலில் எட்டிப் பார்ப்பான், பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ரதத்தைப் பூட்டச் சொல்வான். பெயர் வீரகேசரி. ஊரார் வைத்தது பரபரகேசரி.

அவன் ரதத்துக்கு முன்னால் கொம்பு ஊதிக்கொண்டு ஓடுகிறவன் சடைமாயன். கொம்புச் சத்தம் கேட்டால் வண்டிக்காரன் வண்டியைச் சந்துக்குள் திருப்பிவிட வேண்டும். கூடைக்காரி அகப்பட்ட வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். கதவையெல்லாம் சாத்த வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. இதனால் ராஜாவின் முகத்தைத் தெருவில் ஒருத்தரும் பார்த்ததில்லை. ராஜாவும் ஊரைப் பார்த்ததில்லை. இரண்டாவது விஷயம் சடைமாயனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் ராஜா சபையைக் கூட்டினான். "இன்னும் இருபது வருஷத்துக்குப் பட்டணத்தில் எந்தெந்தப் பாதை போடுவது, எதை முதலில் போடுவது? ஜனங்களும் வந்து சொல்லட்டும். சீக்கிரம் சொல்லட்டும்."

மூட்டை வண்டிகள் ஊருக்குள் வராமல் போக ஒரு சுற்றுப்பாதை வேண்டும் என்றார்கள் உப்பு வியாபாரிகள். "சக்கரம் காலில் ஏறாம நடக்க, ஓரமா ஒரு பாதை குடுங்க சாமி" என்றாள் ஒரு தயிர்க்காரி. ராஜா அதற்குள் நான்கு தடவை எழுந்து உட்கார்ந்திருந்தான்.

தளவாய் வெற்றிலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "மூன்று வருஷமாக மகாராஜாவின் பின்னாலேயே என் ரதமும் போய் வருகிறது. என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தெருவில் நடக்கிறவன் ஒருத்தன் இல்லை, மாட்டு வண்டி ஒன்று இல்லை. ஓடுவது நம் ரதங்கள்தான். அரண்மனையிலிருந்து துறைமுகம் வரை எட்டு ரதம் பக்கம் பக்கமாகப் போகிற மாதிரி பாதை போடுவோம். குறுக்கே பனந்தோப்புத் தெரு ஒன்றுதான். அதை இடித்துவிடலாம்."

மந்திரிகள் தலையாட்டினார்கள். அவர்களும் கொம்புக்குப் பின்னால் போகிறவர்கள்தானே.

சடைமாயன் வீடு பனந்தோப்புத் தெருவில்தான். போன தையில்தான் கூரை மாற்றியிருந்தான். சபை வாசலில் நின்றிருந்தவன் ஓரடி உள்ளே வந்தான்.

"தளவாய் ஐயா பார்த்தது, நான் விரட்டினது போக மிச்சம் இருந்ததை" என்றான்.

சபை திரும்பிப் பார்த்தது. "பொய் சொல்கிறான் மகாராஜா" என்றார் தளவாய். "இவன் வீடு போகப் போகுது, அந்த எரிச்சல்."

"அப்படியா?" என்றான் ராஜா.

"ஆமா மகாராஜா. வீடு போகலைன்னா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்."

ராஜாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. முதல் தடவையாக நடக்காமல் நின்றான். சடைமாயன் விடவில்லை. "சரி, நான் சொன்னது பொய்யாவே இருக்கட்டும். தெரு தானாவே காலியா இருக்குன்னா நான் எதுக்கு நெஞ்சு வலிக்க ஊதணும்? ஒருநாள் நான் ஊதாம வரேன். தளவாய் ஐயா ரதத்தில் மகாராஜாவும் ஏறித் துறைமுகம் போயிட்டு வாங்க."

தளவாய்க்கு மறுக்க வழியில்லை. மறுத்தால் தன் பேச்சைத் தானே நம்பவில்லை என்றாகும். "தாராளமாய்ப் போகலாம். இவன் பொய் தெரிந்ததும் ஊரைவிட்டு விரட்டணும். நாளைக்கே..."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே" என்று ராஜா படியிறங்கிவிட்டான்.

சந்தை முக்கில் ரதம் நின்றது. முன்னால் உப்பு வண்டி, அதற்கு முன்னால் வெளுத்த துணி சுமந்த கழுதைகள், நடுவே ஒரு கல்யாணச் சீர்வரிசை, எந்தப் பக்கம் பார்த்தாலும் தலைகள்.

"இவ்வளவு பேர் எங்கேயிருந்து வந்தாங்க?" என்றான் ராஜா.

"இங்கேயேதான் இருக்காங்க மகாராஜா. தினமும்" என்றான் ரதத்துக்கு முன்னால் நின்ற சடைமாயன்.

தளவாய் எழுந்து நின்று கத்தினார். "விலகுங்கள். ரதத்தில் யார் இருக்கிறார் தெரியுமா?"

உப்பு வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரா இருந்தா என்னய்யா. எறங்கித் தள்ளச் சொல்லு."

"மொதல்ல உன் குதிரை மூஞ்சியை எடு" என்றாள் பக்கத்திலிருந்த ஒருத்தி. "பானையை மோந்து பாக்குது."

ஒரு நாழிகையில் ரதம் பத்தடி நகர்ந்தது. ராஜா எழுந்தான், உட்கார்ந்தான், தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினான். அப்போது ஒரு மருத்துவச்சி, கையில் துணி மூட்டையோடு, சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். "மேலத் தெருவுல ஒரு பொண்ணு வலியில துடிக்குதுய்யா. இந்தக் கட்டையை எவன் இங்க கொண்டாந்து நிறுத்தினது?"

தளவாய் குனிந்து பல்லைக் கடித்தார். "ஊதித் தொலைடா."

"எதுக்குங்க ஐயா? தெரு காலியாத்தானே இருக்கு."

"கூட்டம் நெரியுதுடா. கண்ணு தெரியலையா?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. மகாராஜா காதில விழல."

"விழுந்துடுச்சு" என்றான் ராஜா.

தளவாய் முகம் கறுத்தது. ராஜா ரதத்திலிருந்து குதித்தான். "ஊது சடைமாயா. எனக்கில்லை, அந்த அம்மாவுக்கு."

சடைமாயன் ஊதினான். ஊர் ஒதுங்கியது. ஒதுங்க இடமில்லாத ரதத்தைச் சாக்கடைக்குள்தான் இறக்க வேண்டியிருந்தது. தளவாய் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். "அப்படித்தான்யா, நல்லா முட்டு" என்று உப்பு வண்டிக்காரன் வழி சொன்னான்.

ராஜா நடந்தே அரண்மனை திரும்பினான். பெண் குழந்தை பிறந்ததாகச் சாயங்காலம் சேதி வந்தது. சபையில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான். முதலில் நடைபாதை, அடுத்தது சுற்றுப்பாதை. எட்டு ரதப் பாதை கடைசியில், இடம் மிச்சமிருந்தால். எந்தத் தெருவையும் இடிக்கக் கூடாது.

"உனக்கு என்ன வேணும்?" என்று சடைமாயனைக் கேட்டான்.

"வீடு."

"அது உன்னுடையதுதானே."

"காலையில இல்லையே மகாராஜா."

ராஜா சிரித்துவிட்டு, வீட்டோடு சேர்த்துப் பாதை வேலையின் மேற்பார்வையையும் அவனுக்கே கொடுத்தான். தளவாய்க்கு வேறு வேலை கிடைத்தது. தினமும் சந்தை முக்கில் கொம்பில்லாமல் நின்று, போகிற வருகிற ஆட்களை எண்ண வேண்டும்.

முதல் நாள் மத்தியானமே ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். "எத்தனை பேர்?"

"முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன் மகாராஜா. அதற்குள் ஒரு கிழவி வழியில் நிற்கிறேன் என்று என்னைத் தள்ளிவிட்டாள். கணக்கு விட்டுப் போச்சு."

"அப்போ ஒன்றிலிருந்து ஆரம்பி" என்றான் ராஜா. "ஓரமா நின்னு எண்ணு."