எழுத்தைக் கூலியாகக் கேட்ட பரிசல்காரி

ஆற்றுக்குப் பாலம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், கரட்டூரில் சடைச்சி என்றொரு பரிசல்காரி இருந்தாள். கொட்டாவி விடாமல் கேளுங்கள், சின்னக் கதைதான்.

கரட்டூர் மேட்டில் இருந்தது. எதிர்க்கரை மணல்குடி பள்ளத்தில் இருந்தது. சடைச்சி தன் ஒரே மகள் பூவாயியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தாள்.

சடைச்சிக்கு எழுத்தின்மேல் அப்படி ஓர் ஆசை. பரிசலில் ஏறுகிறவர்களிடம், "கூலி வேண்டாம் சாமி, ஓர் எழுத்து சொல்லிக் குடுங்க" என்பாள். எழுத்துத் தெரியாதவர் ஏறினால், தனக்குத் தெரிந்ததில் ஒன்றை நனைந்த விரலால் துடுப்பில் எழுதிக் காட்டுவாள். சாப்பாட்டுக்கு என்ன செய்தாள் என்கிறீர்களா? தினைக்காடு இருந்தது, கவலையை விடுங்கள்.

பெரியவர்கள் கற்றார்கள், பிள்ளைகள் கற்றார்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த தாய்மாரும் கற்றார்கள். பூவாயியின் மாமியார் நல்லக்காள் மட்டும், "பல்லு விழுற வயசுல படிப்பு கேக்குதா சம்பந்தி?" என்று கிண்டல் செய்வாள். செய்துகொண்டே துடுப்பையும் எட்டிப் பார்ப்பாள்.

ஓர் ஆடி மாதம். மேற்கே பெரிய ஏரி உடைந்துவிட்டதென்று ஒருவன் கரட்டூருக்கு ஓடிவந்து சொன்னான். ஆறு ஏற்கெனவே சுழித்து ஓடியது, பரிசல் இறங்காது. மணல்குடிக்கு யார் போய்ச் சொல்வது? பூவாயியோ நிறைமாதக் கர்ப்பிணி.

கூவிப் பார்த்தார்கள். ஆற்றிரைச்சல் விழுங்கிவிட்டது. துணியை வீசிப் பார்த்தார்கள். எதிர்க்கரையிலும் துணியை வீசினார்கள். பறையடித்துப் பார்த்தார்கள். கெட்டது போங்கள்! புதுத்தண்ணீர் வந்தால் இரு கரையாரும் பறையடித்து வாழ்த்திக்கொள்வது அங்கே வழக்கம். மணல்குடிக்காரர்கள் பதிலுக்குப் பறையடித்து, ஆடிக்கொண்டே ஆற்றை நோக்கி இறங்கினார்கள். முன்னால் பூவாயி, கையில் பூத்தட்டு.

சடைச்சி வீட்டுக்கு ஓடினாள். வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பைப் பானையோடு தூக்கி வந்தாள். கரையோரக் கரும்பாறையில் ஆள் உயரத்துக்கு எழுதினாள்: "மேட்டுக்கு ஓடு."

எதிர்க்கரையில் ஆட்டம் நின்றது. ஒருத்தி கையை நீட்டி நீட்டி எழுத்துக் கூட்டினாள். அடுத்த நொடி பூவாயியின் தட்டைப் பிடுங்கி எறிந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து விரைந்தாள். ஊரே பின்னால் ஓடியது. வெள்ளம் வந்தபோது குடிசைகளைத்தான் கொண்டுபோக முடிந்தது.

ஆறு வடிந்ததும் சடைச்சி பேத்தியைப் பார்க்கப் போனாள். மேட்டில் போட்ட புதுக் குடிசையில் நல்லக்காள் குழந்தையை ஏந்தி நின்றாள்.

"அன்னிக்குப் படிச்சது நீங்கதானா சம்பந்தி?"

"வேற யாரு? கிண்டல் பண்ணிக்கிட்டே கத்துக்கிட்டேன்" என்ற நல்லக்காள், பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காலில் விழப் போனாள்.

சடைச்சி பதறித் தடுத்தாள். "எனக்கு எதுக்கு? 'மே' உப்பு வணிகர் குடுத்தது. 'டு' குயவர் வீட்டுப் பொண்ணு குடுத்தது. 'ஓ' ஒரு பண்டாரம் குடுத்தது. அவங்க எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்."

சம்பந்திகள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். குழந்தையும் சேர்ந்து அழுதது.

ஆகவே கேட்டவர்களே, எழுத்தை நன்றியோடு வாங்கி ஊருக்கெல்லாம் கொடுங்கள், ஏனென்றால் ஊரே அறிந்த எழுத்துதான் ஊரைக் காக்கும்.