கழுதைப்புலி வில் பூட்டிய கதை

ஒரு காட்டில், மூங்கிலும் பாறையுமாகக் கிடந்த மலைச்சரிவில், சடையன் என்ற கழுதைப்புலி தன் மனைவி வரிச்சியோடும் இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தது, குழந்தைகளே.

சடையனிடம் ஒரு குணம் உண்டு. எதையும் தானாக முடிவு செய்யாது. குகைக்குள் வலது பக்கம் படுப்பதா, இடது பக்கம் படுப்பதா என்பதைக்கூட யாரையாவது கேட்டுவிட்டுத்தான் படுக்கும். ஒருவரைக் கேட்டால் போதாது, இன்னொருவரையும் கேட்கும். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டால், பாவம், நின்றபடியே தூங்கிவிடும்.

அந்தக் காட்டில் ஒரு புலி இருந்தவரை சடையன் வீட்டில் சாப்பாட்டுக் கவலை இல்லை. புலி தின்று மிச்சம் வைத்ததே போதும். அந்தக் கோடையில் புலி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போயிற்று. திரும்பி வரவில்லை.

சடையன் முயலைத் துரத்திப் பார்த்தது. முயல் புதருக்குள் மறைந்துவிட்டது. கடமானைத் துரத்திப் பார்த்தது. கடமான் ஓடையை ஒரே தாவலில் தாண்டிப் போய்விட்டது. முன்னங்கால் நெட்டை, பின்னங்கால் குட்டை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் ஓட முடியும்? குட்டிகள் பழைய எலும்பை நக்கிக்கொண்டு குகை வாசலில் கிடந்தன.

ஒருநாள் வரிச்சி வேகமாக வந்தது. "காட்டோரத்தில் தேன் எடுக்க வந்த மனிதர்களைப் பார்த்தேன். ஒருவன் வில் வைத்திருந்தான். நின்ற இடத்திலிருந்தே ஒரு காட்டுப்பன்றியை அடித்துவிட்டான். ஓடவே இல்லை! நாமும் ஒரு வில் செய்தால் என்ன?"

"செய்யலாமா?" என்றது சடையன். "யாரைக் கேட்கலாம்?"

"யாரையும் கேட்க வேண்டாம். அவன் இன்னொரு வில் செய்வதையே புதரில் மறைந்திருந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். புறப்படுங்கள்."

இரண்டும் மூங்கில் புதருக்குப் போயின. சடையன் இருப்பதிலேயே பெரிய மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. வரிச்சி அதை விலக்கியது.

"அது யானைக்கு. உங்கள் கை இழுத்தால் வளைய வேண்டும். அதுதான் உங்களுக்கு வில்" என்றது.

முற்றி, நின்ற நிலையிலேயே உலர்ந்திருந்த ஒரு மூங்கிலை வரிச்சி தேர்ந்தெடுத்தது. அதைப் பிளந்து, தோல்பக்கத்தைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் கல்லால் சீவியது. இரண்டு பாதியும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று வளைத்து வளைத்துப் பார்த்தது. மருள் செடியிலிருந்து நார் உரித்து, முறுக்கி நாண் திரித்தது. நாணைப் பூட்டியபோது வில்லுக்கும் நாணுக்கும் நடுவே சடையனின் பாதம் நுழையும் அளவு இடம் இருந்தது. நேரான நாணல் தட்டைகள் அம்பாயின. பருந்து உதிர்த்த இறகுகளில் ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகளாகப் பொறுக்கி, ஒவ்வொரு அம்பின் அடியிலும் மூன்று மூன்றாகக் கட்டியது.

"போய் எய்து பாருங்கள். ஏதாவது கிடைத்தால் கொண்டுவாருங்கள். நான் குட்டிகளுக்குக் கிழங்கு தேடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

சடையன் வில்லோடு பாறை இடுக்குக்கு வந்தது. அங்கே பட்டுப்போன மருத மரத்தின் அடிக்கட்டை ஒன்று நின்றது. பின்னங்கால்களில் எழுந்து நின்று, நாணை இழுத்து, விட்டது. சட்டென்று அம்பு பறந்து போய்க் கட்டையில் ஆழமாக இறங்கியது.

கட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு காதுகள் நடுங்கியபடி எழுந்தன. முயல்! அம்பு அதன் காதுக்கு மேலேதான் இறங்கியிருந்தது. பின்னால் பாறை, முன்னால் கழுதைப்புலி. ஓட வழியில்லை.

சடையன் அடுத்த அம்பை நாணில் வைத்தது. கொஞ்சம் இழுத்தது. அப்போது அதற்குள் ஒரு சந்தேகம் வந்தது. 'முதல் அம்பு எப்படிக் குத்தியது? நான் சரியாகத்தான் எய்தேனா? யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருக்குமே!' பார்த்தவர் ஒருவர்தானே அங்கே இருந்தார்?

"முயலே, பார்த்தாயா? எப்படி இருந்தது?" என்று கேட்டது.

"அருமையாக இருந்தது அண்ணே" என்றது முயல். பிறகு நாணில் இருந்த அம்பைப் பார்த்தது. "ஆனால்..." என்று இழுத்தது.

வில் தாழ்ந்தது. "ஆனால்? என்ன ஆனால்?"

"சொன்னால் உங்கள் மனம் நோகும்."

"நோகாது. சொல்."

"அவசரத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அண்ணே. யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்."

முயல் நடந்தது. ஓடவில்லை, நடந்தே போயிற்று. புதரைத் தாண்டும்வரை நடந்துவிட்டு, அதன் பிறகு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை வழியிலிருந்த எறும்புகள்கூட நின்று பார்த்தன.

வீட்டில் வரிச்சி கேட்டது, "அம்பு போயிற்றா?"

"போயிற்று."

"குத்தியதா?"

"நன்றாகக் குத்தியது."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது?"

"ஒருவர் 'ஆனால்' என்று சொன்னார்."

"யார் அவர்?"

"கூடவே இருந்து பார்த்தவர்" என்றது சடையன். போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அதற்குள் முயல், கடமானையும் மயிலையும் தேடிப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டது.

"வில் மோசமாக இருக்கிறதா?" என்று கேட்டது கடமான்.

"மிக நன்றாக இருக்கிறது. அதுதான் நமக்கு ஆபத்து" என்றது முயல். "ஆனால் அவர் எதைச் சொன்னாலும் கேட்பார். நாம்தான் பயப்படாமல் சொல்ல வேண்டும்."

மறுநாள் சடையன் வந்தபோது முயல் பாறை உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நாணைப் பாருங்கள். நாணுக்கும் வில்லுக்கும் நடுவே இவ்வளவு இடமா? நடுவே காற்று புகுந்து அம்பைத் தள்ளிவிடாதா? நாணை நீட்டிக் கட்டுங்கள்."

சடையனுக்கு அது சரி என்று பட்டது. நாணை நீட்டிக் கட்டியது. நாண் தொய்ந்துபோய் வில்லின் மேலேயே படிந்து கிடந்தது. இழுத்து விட்டதும் நாண் படீரென்று மணிக்கட்டில் அடித்தது. அம்பு காலடியிலேயே விழுந்தது.

"ஐயோ!" என்று கையை உதறியது சடையன். "நேற்று நன்றாகத்தானே போயிற்று?"

"பார்த்தீர்களா! உள்ளே இருந்த குறை இப்போது வெளியே வருகிறது. வெளியே வந்தால்தானே திருத்த முடியும்?" என்றது முயல்.

சடையன் தலையைச் சொறிந்தது. நேற்றுச் சரியாக இருந்தது தப்பு, இன்று தப்பாக இருப்பது சரி. அப்படியென்றால்? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை.

"மீதியைக் கடமானிடம் கேளுங்கள். கொம்பு சுமக்கிறவருக்கு வில்லைப் பற்றித் தெரியாமல் இருக்குமா?" என்றது முயல்.

கடமான் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசியது. குரல் மட்டும் கம்பீரமாக இருந்தது.

"இதுவா வில்? பல் குத்துகிற குச்சி! உங்களைப் போன்றவர் கையில் உங்கள் தொடைப் பருமனுக்கு ஒரு வில் இருக்க வேண்டாமா? பச்சை மூங்கிலாக வெட்டுங்கள்."

"உலர்ந்ததுதான் நல்லது என்று வீட்டில் சொன்னார்களே?"

"உலர்ந்த குச்சி ஒடியுமா, பச்சைக் குச்சி ஒடியுமா? நீங்களே சொல்லுங்கள்."

"உலர்ந்ததுதான் ஒடியும்" என்றது சடையன். தானே விடை சொன்னதால் அதற்கு நம்பிக்கையும் வந்துவிட்டது. நாணைக் கழற்றிக்கொண்டு, கையிலிருந்த வில்லை வற்றிக் கிடந்த ஓடைப் பள்ளத்தில் வீசியது. அது பாறை இடுக்கில் விழுந்து மறைந்தது.

சடையன் படாத பாடு பட்டுத் தடித்த பச்சை மூங்கில் ஒன்றை வெட்டி இழுத்து வந்தது. அதை வளைக்கப் பார்த்தது. வில் வளையவில்லை, சடையன்தான் வளைந்தது. மேலே ஏறி நின்றது, பாறையில் சாய்த்துத் தள்ளியது, பல்லால் கவ்வி இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் ஓடைக்கு வந்தது.

"வளையவில்லையே!"

"தோலைச் சீவினீர்களா?"

"இல்லையே. உள்பக்கத்தைத்தான் சீவ வேண்டும் என்று..."

"உள்ளே இருப்பது யார் கண்ணில் படும்? வெளித்தோலைச் சீவுங்கள். தோல்தான் வளையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது."

கடமான் சொன்னதில் பாதி உண்மை. மூங்கிலின் பலம் முழுவதும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. சடையன் அதைச் சுத்தமாகச் சீவித் தள்ளியது. வில் வளைந்தது. நாணும் ஒருவழியாக ஏறியது. சடையனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இனி அம்புதான்" என்றது கடமான். "இறகு விஷயத்தில் மயிலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்."

மயில் உயரக் கிளையில் இருந்தபடி பருந்து இறகைப் பார்த்து முகம் சுளித்தது. "மூன்றும் ஒரே மாதிரியா? பார்க்கிறவர்களுக்குச் சலிக்காதா?" என்றது. இடது சிறகிலிருந்து ஒன்று, வலது சிறகிலிருந்து ஒன்று, தோகையிலிருந்து நீளமாக ஒன்று என்று உதிர்ந்த இறகுகளைக் கீழே போட்டது. சடையன் கும்பிடு போட்டுப் பொறுக்கிக்கொண்டது.

அன்று அது வீட்டுக்கு நடந்தபோது தலைக்குள் ஒரே இரைச்சல். நாண் இறுக்கமா, தொய்வா? மூங்கில் பச்சையா, உலர்ந்ததா? சீவ வேண்டியது உள்ளேயா, வெளியேயா? வீட்டில் சொன்னது ஒன்று, வெளியில் சொன்னது ஒன்று. வெளியில் சொன்னவர்கள் மூன்று பேர். மூன்று பேர் சேர்ந்து தப்பாகச் சொல்வார்களா?

மறுநாள் நடுப்பகலில் சடையன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போயிற்று. வெயிலில் எல்லா ஓடைகளும் வற்றிவிட்டதால் அந்த ஒரு குளத்துக்குத்தான் எல்லோரும் வர வேண்டும். கடமான் வந்தது. முயல் வந்தது. மயிலும் இறங்கியது. தாகத்துக்கு முன்னால் பயம் என்ன செய்யும்?

"அப்பா, நிறையச் சாப்பாடு!" என்று கிசுகிசுத்தது சின்னக் குட்டி.

சடையன் புதரிலிருந்து எழுந்து நின்றது. கடமான் தலையைத் தூக்கி அதைப் பார்த்தது. ஓடவில்லை. ஓடினால் தண்ணீர் இல்லை. முயல் கண்ணை மூடிக்கொண்டது.

சடையன் தன் பலத்தையெல்லாம் சேர்த்து நாணை இழுத்தது.

படார்!

வில் நடுவில் முறிந்தது. ஒரு துண்டு சடையனின் தாடையில் அடித்தது. நாண் மூக்கைச் சுண்டியது. மயில் தோகை கட்டிய அம்பு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே போய்க் குளத்தில் விழுந்து மிதந்தது.

கடமான் குனிந்து வயிறு நிறையக் குடித்தது. முயலும் மயிலும் குடித்தன. பிறகு மூன்றும் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டன. சடையனின் குட்டிகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தன. சடையனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

முறிந்த துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அதன் மூக்கு வீங்கியிருந்தது.

"எங்கே தப்பு என்று புரியவில்லை வரிச்சி" என்றது. "சொன்னதையெல்லாம் சொன்னபடியே செய்தேன். நாணை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். தோலைச் சீவச் சொன்னார்கள், சீவினேன். இறகையும் மாற்றினேன்."

வரிச்சி துண்டுகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"யார் சொன்னார்கள்?"

"முயல், கடமான், மயில்."

வரிச்சி துண்டுகளைக் கீழே வைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"அவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்களா?"

"ஓ, ரொம்பச் சௌக்கியமாக இருக்கிறார்கள்" என்றது சடையன்.

வரிச்சி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நண்டு தோண்டப் போயிற்று.

நீதி: யோசனை கேட்பது நல்லதுதான், ஆனால் நாம் தோற்றால் யார் பிழைப்பார்களோ, அவர்களிடம் போய்க் கேட்கக் கூடாது.