திங்கட்கிழமை வரைக்கும்

"அன்பு இல்லாம ஒரு பிள்ளைய வளர்க்கலாமா, சாமியம்மா?"

மாசிலாமணி வந்து உட்கார்ந்ததும் கேட்டது இதைத்தான். கும்பிடக்கூட இல்லை.

சாமியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சிறுமலை அடிவாரத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, சமையலுக்கு இரண்டு பெண்கள். அவ்வளவுதான் அவருடைய மடம். மாசிலாமணியைவிட வயதில் சிறியவர். ஆனாலும் மனசுக்குள் ஏதாவது அறுத்துக்கொண்டே இருந்தால் மாசிலாமணிக்குப் போக வேறு இடமில்லை.

சாமியம்மா வெளியே பார்த்தார். புளியமரத்து நிழலில் ஸ்கூட்டர் நின்றது. அதன்மேல் ஒரு பெண், மடியில் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வரலையா?"

"வரமாட்டா. கூப்பிட்டோம்னா வரவே மாட்டா."

மேகலாவுக்குப் பதினான்கு வயது. காப்பகத்தில் வளர்ந்தவள். இவர்களுக்கு முன்னால் வேறு வீடுகள் அவளை அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தன.

மாசிலாமணியின் மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவரும் மனைவி திலகவதியும் வளர்ப்புப் பெற்றோராக இருக்கிறோம் என்று தாங்களாகவே போய்ச் சொன்னார்கள். கஷ்டமான பிள்ளை என்று எச்சரித்துத்தான் குழந்தைகள் நலக் குழுவில் ஒப்படைத்தார்கள். எந்தப் பிள்ளைதான் கஷ்டமில்லை என்று மாசிலாமணி சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. டிவியை உடைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாளின் கையைக் கடித்தாள். வீட்டில் சோறு போடுவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தாள். திலகவதியால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. போன வாரம் நத்தத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம், யோசிக்கக்கூடத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை நலக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பித் தருகிறீர்களா என்று கேட்பார்கள்.

எல்லாவற்றையும் மாசிலாமணி சொல்லி முடித்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"உடைச்சதெல்லாம் போகட்டும். என் மகளைப் பார்த்தா உள்ளுக்குள்ள என்னமோ இளகும். இவளைப் பார்த்தா ஒண்ணும் வரல. அசதிதான் வருது. ஒரு வருஷமா நடிச்சுக்கிட்டு இருக்கேன், சாமியம்மா. அது அவளுக்கும் தெரியும்."

சாமியம்மா சொத்தை மொச்சை ஒன்றை எடுத்து வெளியே எறிந்தார்.

"இங்க விட்டுட்டுப் போங்க."

"எதை?"

"அவளைத்தான். திங்கக்கிழமை வரைக்கும் இங்க இருக்கட்டும். நீங்க போய்த் தூங்குங்க. அன்னைக்கு நானே கூட்டிட்டு வர்றேன். ஒப்படைச்சிடலாம்."

மாசிலாமணி திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். ஏதாவது கதை சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றும் நினைத்திருந்தார். இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கி வைத்ததுபோல இருந்தது. எழுந்தார். வாசல்வரை போனார்.

திரும்பி வந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அவ உள்ள இருக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது."

"சரி. லேசா தாழ் மட்டும் போட்டுக்கறேன்."

"சாத்தவே கூடாதுன்னு சொல்றேன்."

"சரி, சரி."

மறுபடியும் வாசல்வரை போனார். மறுபடியும் வந்தார். அவள் செருப்போடுதான் படுப்பாள், கழற்றச் சொல்லக் கூடாது, பாய் மண்ணானால் ஆகட்டும் என்றார். ஏன் என்று அவளிடம் எதற்கும் காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டாள் என்றார். சாமியம்மா தலையாட்டியபடி உரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடலேன்னு சொல்லுவா. சாப்பிட்டிருப்பா. இருந்தாலும் இன்னொரு தடவை போடுங்க."

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லி வைக்கிறேன்."

"அது பொய்யில்ல. அடுத்த வேளைக்கு இருக்கான்னு பாக்குறா."

இதை எப்போது கண்டுபிடித்தோம் என்று மாசிலாமணிக்கு நினைவு வரவில்லை.

அவர் உட்கார்ந்துவிட்டார். போகிறவர் உட்காருகிற மாதிரி அது இல்லை.

"அப்புறம், நல்லா இருக்குன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. பொங்கலுக்கு ஒரு கோலம் போட்டா. அப்படி ஒரு கோலம். திலகவதி பாத்துட்டு அழகா இருக்குடின்னுட்டா. அந்தாண்ட திரும்புறதுக்குள்ள காலால தேய்ச்சு அழிச்சுட்டா."

"பின்ன எப்படித்தான் பாராட்டுறது?"

"பாராட்டக் கூடாது. பக்கத்துல போய்ச் சும்மா நிக்கணும். பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நிக்கணும். அவளுக்குத் தெரியும்."

சாமியம்மா கொட்டாவி விட்டார்.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. ஒரு பிள்ளையை நம்பி ஒப்படைக்கிறோம், இந்த அம்மாள் கொட்டாவி விடுகிறாரே.

"கேட்டுக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"கேட்டேனே. கதவைச் சாத்தணும். செருப்பைக் கழட்ட வைக்கணும். கோலம் போட்டா நல்லா இருக்குன்னு சொல்லணும்."

விளையாடுகிறாரா என்று மாசிலாமணி முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. மொச்சை உரிக்கிற முகம்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, மந்தமான பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல. சாமியம்மா பாதியிலேயே எழுந்துவிட்டார். பிள்ளைக்குப் பசிக்குமே என்று முணுமுணுத்தபடி ஒரு தட்டில் வாழைப்பழங்களை எடுத்து வைத்துக்கொண்டு புளியமரத்தை நோக்கி நடந்தார்.

மாசிலாமணி பார்த்துக்கொண்டே இருந்தார். மேகலா திரும்பவில்லை. சாமியம்மா அவள் முதுகுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் தட்டு. தலையைத் தடவிக் கொடுக்கப் போகிறவரைப்போல மற்றொரு கை மெல்ல உயர்ந்தது.

மாசிலாமணி ஓடினார்.

செருப்பு மாட்டவில்லை. மடத்து முற்றமெல்லாம் நெருஞ்சி. முழங்கால் வலிக்காரர் எப்படி அந்த ஓட்டம் ஓடினார் என்று கிணற்றடியில் இருந்த சமையல்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குறுக்கே போய், சாமியம்மாவுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நின்றார்.

"பின்னாலேர்ந்து போகாதீங்க." மூச்சு இரைத்தது. "எதிர்ல வரணும். தள்ளி நிக்கணும். தட்டை வச்சுட்டு நகர்ந்துடணும், அவளா எடுத்துக்குவா. தலையில கையே வைக்கக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?"

இதை அவர் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

சாமியம்மா கையை இறக்கினார்.

"எனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்காது, மாசிலாமணி. எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"எழுதி முடியாது."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

மாசிலாமணி அவரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வருஷக்கணக்கில் இந்த அம்மாள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசியவர் இல்லை அவர்.

"வேண்டாம், சாமியம்மா. உங்களால ஆகாது."

சாமியம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்கூட்டரின்மேல் இருந்தவள் அப்போதுதான் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"உன்னால மட்டும் ஆகுதாக்கும், பெரிசு. அதான் திங்கக்கிழமை கொண்டுபோய் விடப் போற."

மாசிலாமணி ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலிலிருந்து முள்ளைப் பிடுங்கினார். அடுத்ததையும் பிடுங்கினார். அவள் காத்திருந்தாள்.

"என்னாலயும் ஆகல" என்றார். "திங்கக்கிழமை உனக்கு ஸ்கூல் இருக்கு. தள்ளி உட்காரு."