லோமாத் தீவுக்குப் போன ஒரு வார்த்தை

கள்ளிமேட்டுத் திருச்சபையில் எல்லாமே இரண்டு. வாசல் இரண்டு, கல்லறைத் தோட்டம் இரண்டு, இராப்போசனக் கிண்ணம் இரண்டு. மேலத்தெருவுக்கு ஒன்று, கீழத்தெருவுக்கு ஒன்று. ஆண்டவர் மட்டும் ஒருவர். அவரைப் பங்கு போட இன்னும் அளவுகோல் கிடைக்கவில்லை.

அந்தச் சபை, தூரக் கடலில் இருக்கும் லோமாத் தீவுக்கு ஊழியம் செய்ய மூன்று பேரை அனுப்பியது: வேதமாணிக்கம், அருமைநாயகம், சத்தியநேசன். மூவரும் மேலத்தெரு. தீவின் பாஷை ஒருவருக்கும் தெரியாது. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

கப்பலடியில் பேராயர் சொன்னார்: "நம்ம கோயில் எப்படியோ, அங்கேயும் அப்படியே இருக்கணும். பாஷை வராத இடத்துல கையைக் காட்டிப் பேசுங்க. அடுத்த வருசம் வருவேன். அந்த ஜனங்க வாயில தமிழ்ல ஒரு வார்த்தையாவது வரணும். வரலேன்னா மூணு பேரும் ஊருக்குத் திரும்பி, கீழத்தெரு வாசலைக் கூட்டணும்."

மூவரும் அவசரமாகக் கப்பலேறினார்கள்.

போனதும் கோயில் கட்டினார்கள். அப்படியே கட்டினார்கள். வாசல் இரண்டு. கள்ளிமேட்டுக் கோயிலின் கிழக்குச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. ஆகவே புதுச்சுவரைப் பூசி முடித்து, அதே இடத்தைக் கடப்பாரையால் பிளந்தார்கள். பிளவு சற்றுப் பெரிதாகிவிட்டது.

அருமைநாயகம் கடற்கரையில் நின்று, உள்ளங்கையைக் காட்டியபடியே வெயில் ஏறும்வரை தமிழில் பிரசங்கம் செய்தார். தீவார் பொறுமையாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் அவர் உள்ளங்கையில் தைத்திருந்த முள்ளை எடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது. ஜனமும் வந்தது. யாரை எந்த வாசலில் விடுவது?

"சாதி தெரியாம எப்படிவே உள்ளே விடுறது?" என்றார் சத்தியநேசன்.

"கேட்டுட்டாப் போச்சு."

முள் எடுத்த பெண் கையில் மீனோடு நின்றாள். வேதமாணிக்கம் அவள் பக்கம் விரலை நீட்டி, "என்ன?" என்றார். அவள் மீனைப் பார்த்து, "ரூகா" என்றாள்.

"ரூகா சாதியாம்."

அடுத்த ஞாயிறு அவளே நண்டோடு வந்தாள். கேட்டதற்கு, "திம்பி" என்றாள்.

"போன வாரம் ரூகா, இந்த வாரம் திம்பி. சாதி மாறுமாவே?"

"சாதி எங்கேயாவது மாறுமா? இது வேற பொம்பளை."

"அதே மூக்கு, அதே மச்சம்!"

"மூக்கு அதேதான். ஆளுதான் வேற."

சாதி தெளியும்வரை யாரையும் விடுவதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. மூவரும் வாசல்களை மறித்து நின்று, வந்தவர்களை நோக்கிக் கையை நீட்டி, "ஒதுங்கு! ஒதுங்கு!" என்றார்கள்.

தீவார் மரியாதை தெரிந்தவர்கள். விருந்தாளிகள் வணக்கம் சொல்கிறார்கள் என்று எண்ணி, அவர்களும் கையை நீட்டி, வாய் நிறையச் சிரித்து, "ஒதுங்கு" என்றார்கள். பிறகு சுவர்ப் பிளவு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வெடிப்பில் யார் நுழையலாம் என்று கள்ளிமேட்டில் சட்டம் இல்லாததால் மூவரும் தடுக்கவில்லை.

சொன்னபடி பேராயர் வந்து கரையில் கால் வைத்தார். தீவே திரண்டு மாலைகளோடு ஓடிவந்தது. எல்லார் கையும் நீண்டது. "ஒதுங்கு! ஒதுங்கு!"

"அய்யா, கேட்டீங்களா! ஒரு வார்த்தை வந்துட்டு!" என்று வேதமாணிக்கம் குதித்தார்.

"யாரைப் பார்த்துடா சொல்றாங்க?" என்று கத்திய பேராயர் பின்வாங்கினார். மாலைகள் நெருங்கின. அவர் படகில் விழுந்து, கப்பலேறிப் போயே போய்விட்டார்.

மூவரும் மணலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பேராயரையே ஒதுங்கச் சொன்னாங்க. அவரும் ஒதுங்கிட்டார்."

"அப்போ இவங்க அவரைவிடப் பெரிய சாதி."

"அப்போ நாம எங்கேவே நிக்கிறது?"

மூவரும் முறை தெரிந்தவர்கள். எழுந்து போய்க் கடலில் நின்றார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறார்கள். தீவார் ஞாயிறுதோறும் கரைக்கு வந்து, அன்போடு "ஒதுங்கு" என்று சொல்லிப் போகிறார்கள். மூவரும் ஆளுக்கோர் எட்டு பின்னால் வைக்கிறார்கள்.

போன ஞாயிறு, குள்ளமான சத்தியநேசனுக்குத் தண்ணீர் மூக்கைத் தொட்டது. "அண்ணாச்சி, உம்ம பக்கத்துல கொஞ்சம் மேடா இருக்கு. வந்து நின்னுக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

கழுத்தளவு நீரில் நின்ற வேதமாணிக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மேலத்தெருவுல எங்க வீடு முதல் வீடு. உம்ம வீடு கடைசி வீடு. ஒதுங்கும்வே!"