இறுகிப்போன வெள்ளைச் சட்னி

காட்டுக் குளத்தின் கரையில் சடைச்சி என்கிற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. நெல்லி மரத்தடியில் அதன் வளை. நாலு எட்டு வைத்தால் தண்ணீர். குளத்தை விட்டால் அடுத்தது மொட்டைப் பாறைதான். அங்கே நிழலும் கிடையாது, நீரும் கிடையாது.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு குடும்பம் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். முறை வந்தவர் சமைக்க முடியாமல் கையை விரித்தால், யார் சமைத்து மானத்தைக் காப்பாற்றுகிறாரோ அவருக்குத் தன் வளையைக் கொடுத்துவிட்டுப் பாறைக்குப் போய்விட வேண்டும். யார் எந்தக் காலத்தில் போட்ட சட்டமோ, லாபமெல்லாம் சங்கிலி என்கிற நரிக்குத்தான். மூன்று வருஷத்தில் மூன்று வளைகள் அதன் கைக்கு வந்திருந்தன.

கோடையில் கரையில் கிடைப்பது கசப்புக் கீரை. காட்டு பங்களாவுக்கு வருகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் ரொட்டியும் கிடைக்கும். இரண்டையும் வெறுமனே தின்ன முடியாது. வெள்ளைச் சட்னி வேண்டும். வெண்ணெய்போல வழவழவென்று, நாக்கில் பட்டதும் சுள்ளென்று புளிக்கும் சட்னி. கீரைமேல் ஊற்றிக் கலந்தால் சாலட். ரொட்டிக்கு நடுவே தடவினால் சாண்ட்விச். அது இருந்தால் விருந்து, இல்லாவிட்டால் வெறும் கூட்டம்.

அந்தச் சட்னி நரியைத் தவிர வேறு யாருக்கும் கைகூடவில்லை. இத்தனைக்கும் நரி செய்முறையை ஒளிக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வாய் நிறையச் சொல்லிக் கொடுத்தது.

இந்த வருஷம் சடைச்சியின் முறை. விருந்துக்கு மூன்று நாள் முன்னால் நரி தானாகவே வந்து நின்றது.

"தங்கச்சி, எள்ளை ஊறவெச்சுத் தோலை எடு. காயவெச்சு வறு. எண்ணெய் விடுற வரைக்கும் அரை. அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கலக்கு. அவ்வளவுதான் வேலை. ஒண்ணே ஒண்ணு, தண்ணி மட்டும் படக்கூடாது. ஊறுகாய் மாதிரிதான் இதுவும். ஒரு சொட்டு பட்டாலும் விஷமாயிடும்."

ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய் என்ன கதியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தப் பேச்சை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சடைச்சியும் தலையாட்டியது.

"ஒருவேளை கெட்டுப்போச்சுன்னா கீழே கொட்டிடாதே, எறும்பு மொய்க்கும். என்கிட்ட கொடு. தூரமாப் போய்க் கொட்டிடறேன்" என்றது நரி. எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்!

சடைச்சியிடம் மூன்று சுரைக்குடுக்கை எள் இருந்தது. முதல் குடுக்கையை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெயிலில் காய்ந்த பாறைமேல் பரப்பி வறுத்தது. கல்லில் போட்டு அரைத்தது. பொடியானது, பிறகு விழுதானது, பிறகு எண்ணெய் விட்டுத் தளதளவென்று இளகியது. அப்போது ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உதிர்ந்த தன் முள்ளொன்றால் கிண்டியது.

தளதளவென்றிருந்த விழுது ஒரு நொடியில் இறுகியது. களிமண்போலக் கட்டியாகித் திரிதிரியாகப் பிரிந்து நின்றது.

"அடடா, கெட்டுப்போச்சே!" புதருக்குப் பின்னாலிருந்து நரி எட்டிப் பார்த்தது. அதன் கையில் காலிப் பானை தயாராக இருந்தது. சடைச்சி கட்டியை வழித்துக் கொடுத்தது.

மறுநாள் இரண்டாவது குடுக்கை. இன்னும் நைசாக அரைத்தது. எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாகவே விட்டது. மறுபடியும் இறுகியது. நரி மறுபடியும் பானையோடு வந்து வாங்கிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் பாறையிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த பவளம் என்கிற முயல் சடைச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தது. போன வருஷம் வளையை இழந்தது அதுதான்.

"விட்டுடு சடைச்சி. என் கையிலயும் இப்படித்தான் இறுகிச்சு. நமக்கு அந்தக் கைமணம் இல்ல. இப்பவே பாறைக்கு வந்து நல்ல பொந்தாப் பார்த்து வெச்சுக்கோ."

சடைச்சி வளைக்குள் எட்டிப் பார்த்தது. குட்டிகளுக்கு இன்னும் முள்ளே சரியாக விறைக்கவில்லை. பாறைக்குப் போனால் தண்ணீருக்காகத் தினமும் அந்தச் சூட்டில் நடந்து வர அவற்றால் ஆகாது.

"இன்னும் ஒரு குடுக்கை இருக்கு அக்கா. அது தீர்ந்தப்புறம் பொந்து பார்க்கலாம்" என்றது.

விருந்து நாள் வந்தது. பவளமும் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. காலையிலேயே அரைக்க ஆரம்பித்து, உச்சிவெயில் ஏறும்போது சடைச்சி எலுமிச்சையைப் பிழிந்தது. சட்னி இறுகியது. நரி வந்து நின்றது.

"கொடு தங்கச்சி, கொட்டிட்டு வரேன்."

"இருக்கட்டும் அண்ணே."

"வெச்சிருந்தா நாறிப்போகும்."

"நாறட்டும். என் வளையிலதானே நாறப்போகுது!"

நரி முகம் கொஞ்சம் மாறியது. "பொழுது சாயறதுக்குள்ள விருந்து. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனது. அதற்கு என்ன கவலை? முதல் இரண்டு கட்டிகளும் அதனிடம் பத்திரமாக இருந்தன.

சடைச்சி கட்டியையே வெறித்துப் பார்த்தது. கோபம் கோபமாக வந்தது. அதில் ஒரு துண்டைப் பிய்த்து இலையில் போட்டு, "இறுகுறியா, இறுகு" என்று இன்னொரு எலுமிச்சையை முழுசாகப் பிழிந்து கிண்டியது. கட்டி கொஞ்சம் அசைந்து கொடுத்தது. மூன்றாவது பழத்தையும் பிழிந்தது. கட்டி இளகியது.

நக்கிப் பார்த்தால் காது வரைக்கும் புளித்தது. வாயில் வைக்க லாயக்கில்லை. ஆனால் இளகியது இளகியதுதானே?

"பவளக்கா, இதை இளக்கினது புளிப்பா, ஈரமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"எலுமிச்சைச் சாறும் ஈரந்தானே? அது இவ்வளவு பட்டும் கெடல. தண்ணி பட்டா மட்டும் எப்படி விஷமாகும்?"

பவளத்துக்குக் காது இரண்டும் விறைத்துக்கொண்டன. "ஐயோ, வேண்டாம். சங்கிலி அத்தனை தடவை சொல்லியிருக்கு."

"அதுதான் எனக்கும் இடிக்குது. வேற எதையும் அது அத்தனை தடவை சொல்லல."

சடைச்சி குளத்து நீரை இலையில் மொண்டு வந்து, மிச்சமிருந்த பெரிய கட்டியில் நாலு சொட்டு விட்டது. கிண்டியது. முன்னைவிட இறுகியது. முள் நட்டுவைத்ததுபோல நின்றுவிட்டது.

"பார்த்தியா! போச்சு. எல்லாம் போச்சு" என்று பவளம் கண்ணை மூடிக்கொண்டது.

சடைச்சிக்கும் பயம்தான். ஆனாலும் இன்னும் நாலு சொட்டு விட்டது. முன்னங்கால் இரண்டாலும் முள்ளைப் பிடித்துக் கிண்டியது. தோள் வலித்தது. இன்னும் நாலு சொட்டு. கட்டிக்குள் முள் மெல்ல நகர்ந்தது. பிறகு சுற்றியது. பழுப்பாக இருந்த விழுது வெளுக்க ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட விட அது தயிராடைபோலத் திரண்டு, வழவழவென்று முள்ளிலிருந்து வழிந்தது.

யார் முதலில் ருசி பார்ப்பது? சடைச்சி குட்டிகளை உள்ளே போகச் சொன்னது. ஒரு வாய் நக்கி விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. நிழல் ஒரு முழம் நகரும் வரை காத்திருந்தது. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

புளிப்பு போதவில்லை என்று இலையிலிருந்த அந்தப் புளித்த துண்டையும் இதில் போட்டுக் கலந்தது. உப்பும் மிளகுத்தூளும் சேர்த்தது. பவளம் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தது.

"இது சங்கிலியோட சட்னி" என்றது மெல்ல.

வெயில் தாழ எல்லோரும் கூடினார்கள். நரி பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே வந்தது. "பாவம், சடைச்சிக்கு முடியல. நான் ஆசையா அரைச்சுக் கொண்டாந்திருக்கேன்."

சடைச்சி தன் சட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. எல்லோரும் இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் ருசி பார்த்தார்கள். நிறம், வழவழப்பு, வாசனை எதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணா இருக்கே?" என்று கூட்டம் வியந்தது.

"ஒண்ணாத்தான் இருக்கும். அதுவும் என் எள்ளுதான்" என்றது சடைச்சி.

நரி பல்லைக் காட்டியது. "உன் எள்ளுன்னு பேர் எழுதியிருக்கா?"

"வேண்டாம். நீ அரைச்ச கல்லைக் காட்டு, போதும்."

கூட்டம் நரியின் பக்கம் திரும்பியது. எள் அரைக்கும் கல்லில் எண்ணெய்க் கறை போகாது. அரைக்கும் சத்தமோ குளத்துக்கு அக்கரை வரைக்கும் கேட்கும். நரியின் வளையிலிருந்து அந்தச் சத்தத்தை மூன்று வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கல்லும் அதனிடம் இல்லை. அடுத்தவர் கெட்டதென்று கொடுத்த கட்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கத்தான் அதற்குத் தெரியும்.

"அப்போ போன வருஷம் நான் கொடுத்தது..." என்று ஆரம்பித்த பவளம் நரியின் முன்னால் போய் நின்றது. "என் சட்னியை எனக்கே ஊத்திட்டு என் வளையையும் எடுத்துக்கிட்டியா? அந்தப் பாறையில என் குட்டிங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

நரி ஏதோ சொல்ல வாயெடுத்தது. கேட்க ஒருவரும் தயாராக இல்லை. தன் கையால் சமைக்காதவர் யாரையும் காப்பாற்றியவராக முடியாது என்று கூட்டம் தீர்ப்புச் சொன்னது. மூன்று குடும்பங்களும் அன்றைக்கே தங்கள் வளைகளுக்குத் திரும்பின. நரி மொட்டைப் பாறைக்கு நடந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

வேலை பாதியில் இறுகிவிட்டால் கெட்டதென்று அடுத்தவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். இறுகிய பிறகும் விடாமல் கிண்டுகிறவருக்கே அதன் பலன் கிடைக்கும்.