கடமான் ஏன் நின்று காலைத் தட்டுகிறது

விலங்குகளுக்கு வாயும் அந்த வாயில் நியாயமும் இருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டு ஊர் ஒன்றில் மாதி என்றொரு பெண் இருந்தாள். வேட்டைக் கூட்டத்தில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. சேர வேண்டுமானால் முதல் மானைத் தன் அம்பாலேயே வீழ்த்திக் கொண்டுவர வேண்டும்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அம்பு விட்டவர் நின்ற இடத்தில் குச்சி நடுவார்கள். குச்சி மானிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பெருமை. மானுக்கு எவ்வளவு வலித்தது என்று அளக்க மட்டும் யாரும் குச்சி வெட்டவில்லை.

பெருமைக்கு ஆசைப்பட்டு மாதி, பள்ளத்தின் எதிர்க்கரையில் மேய்ந்த கடமான்மேல் அம்பை விட்டாள். பட்டது. ஆனால் மான் விழாமல் புதருக்குள் ஓடி மறைந்தது.

"பலே!" என்று குச்சியை நட்டான் அவள் மாமன் மசணன்.

"விழலையே மாமா."

"பட்டுதில்ல? மிச்சத்தைப் புலி பாத்துக்கும்."

"எய்தது புலியா? நான்ல எய்தேன்!"

"ஆரம்பிச்சுட்டா! இவ அம்பைவிட வாய் தூரமா போகுது."

மாதி பள்ளத்தைக் கடந்து, இலைகளில் சிந்திய ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். மூங்கில் புதருக்குள் மான் படுத்திருந்தது. தொடையில் அம்பு. பக்கத்தில் குட்டி ஒன்று மடியைத் தேடி முட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவாவது கிட்ட வந்தியே" என்றது மான். "அங்கேயிருந்து பாத்தப்ப நான் எப்படித் தெரிஞ்சேன்?"

"பழுப்பா... ஏதோ தெரிஞ்சது."

"ஆணா, பொண்ணா? குட்டிக்காரியா?"

"தெரியல."

"அப்ப நீ மானை எய்யல. பழுப்பைத்தான் எய்திருக்க."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் மாதி. அப்போதும் விடவில்லை. "கிட்ட வந்தா நீ ஓடிடுவ. எங்க வயித்துக்கு யார் பதில் சொல்றது?"

"அதுவும் நியாயம்தான்" என்றது மான்.

மாதி வில்லைக் கீழே வைத்தாள். இந்த மான் போனால் கூட்டத்தில் இடமும் போய்விடும் என்று தெரிந்தேதான், அம்பை மெல்லப் பிடுங்கி, பச்சிலையை மென்று காயத்தில் அப்பினாள்.

வலி தணிந்ததும் மான் சொன்னது: "இனி ஆள் வாடை பட்டதும் எங்க சனம் ஓடாது. நின்னு காலைத் தட்டி உங்களைப் பாக்கும். அதுக்குள்ள காதோரத்து மயிர் தெரியணும், மடியில பால் இல்லைன்னு தெரியணும், ஒரே அம்புல முடியும்னு உன் கைக்குத் தெரியணும். தெரிஞ்சா எய்யி. இல்லைன்னா வில்லை இறக்கு."

"இறக்கறேன். ஊரையும் இறக்க வைக்கறேன்."

வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து ஊர் சிரித்தது. மழைக்காலம் முழுக்க அவள் விடாமல் வாதாடினாள். அவள் வாயை அடைக்கவாவது பார்த்துவிடலாம் என்று காட்டுக்குப் போன மசணன் முன்னால், பால் மடி கனத்த ஒரு பெண்மான் நின்று காலைத் தட்டியது. அவன் வில்லை வளைத்தான், உற்றுப் பார்த்தான், மெல்ல இறக்கினான்.

"ஏன் இறக்கினேன்னு எவனும் கேக்காதீங்க" என்று ஊருக்கு வந்து உறுமிவிட்டு, "நாளைக்கு மாதியையும் கூட்டத்துல சேத்துக்குங்க" என்றான்.

பிறகு விலங்குகளிடமிருந்து பேச்சுப் போய்விட்டது. கொடுத்த வாக்கு போகவில்லை. ஆள் வாடை பட்டதும் கடமான் ஒரு கணம் நின்று, முன்னங்காலைத் தரையில் தட்டி, நம்மை நேருக்கு நேர் பார்ப்பது அன்று தொடங்கியதுதான்.