ஈரம் காயாத பூச்சு

பெற்ற தாயைப் பார்க்கவும் நேரமின்றி அரசர்கள் போருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் மருதங்கரை நாட்டில் ஆதன் என்றொருவன் வாழ்ந்தான். அவன் ஓவியன் அல்லன். ஓவியன் தீட்டுவதற்குத் துணியைப் பதப்படுத்தித் தருகிறவன்.

துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவான். புளியங்கொட்டைப் பசை தடவிக் காயவைப்பான். அதன்மேல் வெண்சுண்ணம் பூசுவான். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “தாங்கும்” என்று சொல்வான். அந்தச் சொல் வராமல் எந்த ஓவியனும் எண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தொடமாட்டான். அது அந்த நாட்டு வழக்கம்.

ஓர் ஐப்பசியில் அரசனின் தாய் நோயில் விழுந்தாள். போர்க்களத்திலிருந்து ஓடி வந்தான் அரசன். இனிப் பிழைக்கமாட்டாள் என்றார் மருத்துவர். அவள் முகமாவது மிஞ்சட்டும் என்று ஆதனையும் ஓவியன் வில்லவனையும் வரவழைத்தான்.

வெளியே அடைமழை.

முதல் நாள் அரசன் வந்து கேட்டான். “தாங்குமா?”

“இல்லை, அரசே. பசை காயவில்லை.”

அரசன் போய்த் தாயின் அருகில் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் நாளும் வந்தான். “தாங்குமா?”

“இல்லை, அரசே. பூச்சு காயவில்லை.”

மறுபடியும் தாயிடமே போனான்.

மூன்றாம் நாள் செருப்பின்றி வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. “இன்னும் இரண்டு நாள்தான் இருப்பாளாம், ஆதா.”

ஆதன் துணியில் கை வைத்தான். மேலே வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. ஆனால் உள்ளங்கையில் சில்லென்று ஏறியது. அடியில் ஈரம்.

“காய்ந்த மாதிரிதானே தெரிகிறது, அண்ணே?” என்றான் வில்லவன்.

ஆதன் அரசன் முகத்தைப் பார்த்தான். ஒரு சொல்லால் ஒருவன் அழுகை நிற்குமென்றால், அதைச் சொல்லாதிருப்பது நேர்மையா, செருக்கா? தன்னையே கேட்டுக்கொண்டான்.

“தாங்கும்” என்றான்.

தாயைக் கட்டிலோடு ஓவிய அறைக்குள் கொண்டுபோனார்கள். ஓவியன் தீட்டும்போது அங்கே வேறு யாரும் நுழையக்கூடாது. இரண்டு நாளும் அரசன் கதவுக்கு வெளியே நின்றான். கதவு திறந்தபோது படம் முடிந்திருந்தது. தாயின் மூச்சும் அடங்கியிருந்தது.

மூன்றாவது மழைக்காலத்தில் படம் வெடித்தது. நெற்றியிலிருந்து உதடுவரை ஒரு கோடு. அதன் இருபுறமும் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது.

“வில்லவன் கட்டைவிரலை வெட்டுங்கள்” என்றான் அரசன்.

ஆதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். “வண்ணத்தில் குற்றமில்லை, அரசே. அடியில் ஈரம் இருந்தது. அன்றைக்கே என் கைக்குத் தெரியும்.”

“தெரிந்துமா சொன்னாய்?”

“நீங்கள் அழுததைப் பார்க்க முடியவில்லை.”

அரசன் வெடித்த படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“தாங்காது என்று சொல்லியிருந்தால் படமே வேண்டாமென்று விட்டிருப்பேன்” என்றான் பிறகு. “அந்த இரண்டு நாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, ஆதா.”

வில்லவனை விடுவிக்கச் சொன்னான். ஆதனுக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான். ஆதன் மட்டும் அங்கேயே நின்றான்.

இரக்கத்தால் சொன்னாலும் பொய் பொய்தான். யாருக்காக இரங்கினோமோ, அவரிடமிருந்தே அது ஒன்றைப் பறித்துக்கொள்ளும்.